பிலோமியின் கிட்டாருக்கு எந்தக் காந்தம்?

மலையேறிக் குருவைப் பார்க்கப் போகிறவர்கள் பழத்தட்டோடு போவது வழக்கம். தூத்துக்குடி சூசைமாணிக்கம் ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார். மரியாதைக்கு அரைக் கிலோ மக்ரூனும் வாங்கியிருந்தார். கோத்தகிரியில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் மலைக்காற்று பட்டு மக்ரூன் நமுத்துப் போயிருந்தது.

குரு என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். யோகராணிக்கு அவரைவிட இருபது வயதாவது குறைவு. தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு நீள அறையில், ஊதா ஸ்வெட்டரும் காதைச் சுற்றிய மஃப்ளருமாக உட்கார்ந்து கிட்டார் பிக்கப் செய்துகொண்டிருந்தாள். எங்கெங்கிருந்தோ பழைய கிட்டார்களை அவளுக்கு அனுப்பிவைப்பார்கள். அவள் சொன்னால் அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எல்லாருக்கும் அவள் டீச்சர்.

பிக்கப் என்பது எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் பதுங்கியிருக்கும் சின்னப் பெட்டி. உள்ளே ஆறு காந்தக் குச்சிகள் இருக்கும், கம்பிக்கு ஒன்று. அவற்றைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்பு இழை ஆயிரக்கணக்கான தடவை சுற்றியிருக்கும். மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் கீழே இருக்கிற இழைக்கு அது தெரிந்துவிடும், அங்கிருந்து ஸ்பீக்கருக்குப் போய்விடும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் காந்தம் மாறினால் கிட்டாரின் குரலே மாறிவிடும்.

கிட்டார் சூசைமாணிக்கத்தினுடையது இல்லை, அவர் மனைவி பிலோமியுடையது. கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, பிலோமி மேடையில் நின்று வாசிப்பாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பாங்கோ தட்டுவார். போன மழைக்காலத்தில் பிலோமி இறந்துபோனாள். கொஞ்ச நாளில் கிட்டாரும் வாயை மூடிக்கொண்டது.

“சத்தம் வரல டீச்சர்,” என்றார் சூசைமாணிக்கம். கைக்குட்டையில் சுற்றிவைத்திருந்த பிக்கப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். “அவ சத்தத்தை மட்டும் எனக்கு எடுத்துக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

பழைய மாடல் பிக்கப் அது. மரத்தின் மேலேயே இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கியது. கம்பிகளைத் தொடாமலே பக்கவாட்டில் உருவிவிடலாம். அப்படித்தான் உருவி எடுத்துவந்திருந்தார்.

யோகராணி மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

“இழை அறுந்திருக்கு. உப்புக்காத்து தின்னிருக்கு.”

பிறகு கையிலிருந்த கத்தரிக்கோலை அதன் பக்கம் கொண்டுபோனாள். பட்டென்று ஒட்டிக்கொண்டது. அவள் முகம் சுருங்கியது.

“அண்ணாச்சி, இதுக்கு யாரு காந்தம் ஏத்தினது?”

“நான்தான்.” அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “வயசாகி பலம் கொறஞ்சு போச்சுன்னு நெனச்சேன். ரெண்டு பெரிய ஸ்பீக்கர் காந்தத்துக்கு நடுவுல வச்சு நெருக்கினேன். மாட்டாம, வெளியில வச்சே ஒரு கரண்டியால தட்டிப் பாத்தேன். அப்பவும் பேசல.”

“அறுந்தது இழை. காந்தத்துல ஒரு குறையும் இல்ல.”

சூசைமாணிக்கத்துக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

“அவங்க வாசிச்ச காலமெல்லாம் அது கொஞ்சங்கொஞ்சமா இறங்கி, தனக்குன்னு ஒரு பதத்துக்கு வந்திருக்கும்,” என்றாள் யோகராணி. “நீங்க அதைப் புதுசாக்கிட்டீங்க.”

அரைகுறையாகத் தெரிந்தவர்தான் இப்படியொரு காரியம் செய்ய முடியும். ஒன்றும் தெரியாதவர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார். சூசைமாணிக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, நமுத்த மக்ரூன் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அறுந்த இழையை எடுத்துப்போட்டுவிட்டுப் புதிய இழை சுற்றினாள். பட்டறைக் கிட்டார் ஒன்றில் மாட்டி அவர் கையில் கொடுத்தாள். சூசைமாணிக்கத்துக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பிலோமி சுதி சேர்க்கும்போது தட்டுகிற நாலைந்து ஸ்வரம் மட்டும் தெரியும். தட்டினார். கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்டது மாதிரி கணீரென்று வந்தது.

“இது அவ இல்ல.”

“இல்லதான்.”

“அப்ப எந்தக் காந்தம் டீச்சர், அவ?”

யோகராணி இழை சுற்றாத ஒரு வெறும் பாபினை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“சுத்தத் தெரியுமா?”

“தெரியாது.”

“கத்துக்குங்க.”

அப்படித்தான் ஒரு பாங்கோ கலைஞர் சிஷ்யரானார்.

பேக்கரி மாடியில் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டார். காலையில் பன் வாசனையில் எழுந்து, மஞ்சுக்குள் நடந்து பட்டறைக்கு வருவார். மலைவாசிகள் பனிமூட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள். மஞ்சு வந்தால் தேயிலைச் சரிவு இருக்காது, ரோடு இருக்காது, தன் செருப்பே தனக்குத் தெரியாது. எங்கோ மாட்டுமணி கேட்கும், மாடு தெரியாது. குழந்தை அழும், வீடு தெரியாது. சத்தங்கள் மட்டும் ஆளில்லாமல் உலாவிக்கொண்டிருக்கும். கடற்கரையில் வளர்ந்த மனிதருக்கு இதெல்லாம் தூக்கத்தில் நடப்பது போலவே இருந்தது. ஒருநாள் மஞ்சுக்குள்ளிருந்து பிலோமி இருமுவது போலக் கேட்டு நின்றுவிட்டார். யாரோ கொழுந்து பறிக்கப் போகிற பெண்.

பட்டறையில் தையல் மிஷின் மோட்டாரை வைத்துச் செய்த ஒரு சுற்று இயந்திரம் இருந்தது. அதில் அவர் சுற்றிய இழை அறுந்துகொண்டே இருந்தது.

“அவசரப்படாதீங்க,” என்பாள் யோகராணி.

“அவசரம் இல்லையே டீச்சர்.”

“வாய்க்கு இல்ல. கைக்கு இருக்கு.”

இன்னொரு தொந்தரவும் இருந்தது. எந்தக் குட்டி ஸ்க்ரூவை எடுத்தாலும் அது ஸ்க்ரூ டிரைவரோடு தொற்றிக்கொண்டு வந்தது. உதறினாலும் விழாது.

“ஸ்க்ரூ டிரைவரையும் காந்தத்துல செஞ்சு வச்சிருக்கியளா?” என்று சலித்துக்கொண்டார்.

“சாதாரண இரும்புதான். காந்த டப்பாவுலயே போட்டுவச்சா அப்படித்தான் ஆகும். வெளியில வைங்க.”

பிலோமியின் கிட்டார் ஜன்னலோரம் சுவரில் தொங்கியது. பிக்கப் இருந்த இடம் காலியாக, பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. கம்பிகளில் துரு ஏறியிருந்தது. யோகராணி ஒருநாள் துணியை எடுத்துக்கொண்டு அதன் பக்கம் போனாள். சூசைமாணிக்கம் பாதி சுற்றிய பாபினைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தார்.

“தொடாதீங்க டீச்சர். கடைசியா அவ மாட்டின கம்பி. அவ வேர்வைதான் அந்தத் துரு.”

யோகராணி துணியை மடித்து வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கிட்டார் பக்கம் ஒரு ஊசியைக்கூட அவள் கொண்டுபோகவில்லை. காந்த டப்பாவையும் ஜன்னலோரத்திலிருந்து எடுத்து எதிர்ச் சுவரோரம் வைத்தாள். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

ஒருவழியாக இழை அறுபடாமல் சுற்ற வந்தது. அப்புறம் காந்தங்கள் வந்தன. அல்நிக்கோ என்று பொதுப்பெயர். அலுமினியம், நிக்கல், கோபால்ட் எல்லாம் இரும்போடு உருக்கிச் சேர்ப்பது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல அவற்றுக்கும் நம்பர் உண்டு, நம்பருக்கு ஒரு சுபாவம் உண்டு.

ஐந்தாம் நம்பர் முந்திரிக்கொட்டை. கம்பியைத் தொடுவதற்குள் பதில் சொல்லிவிடும். இரண்டாம் நம்பர் மெல்லப் பேசும், வார்த்தைக்கு வார்த்தை கொஞ்சம் குழையும். மூன்றாம் நம்பர் கூச்ச சுபாவி, குரல் வெளியே வருவதே பெரிய பாடு, ஆனால் வந்தால் சுத்தமாக இருக்கும். நான்காம் நம்பரிடம் எதைக் கேட்டாலும் சரி என்றே பதில் வரும். செராமிக் என்று கறுப்பாக ஒன்று, அது பேசினால் பக்கத்தில் வேறு யாரும் பேச முடியாது.

ஒவ்வொன்றாகப் பட்டறைக் கிட்டாரில் மாட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் சூசைமாணிக்கம் அதே நாலைந்து ஸ்வரத்தைத் தட்டினார். கடைசி ஸ்வரம் வந்ததும் இடதுகை விரலால் கம்பியை அழுத்தி லேசாக ஒரு நடுக்கம் கொடுத்து, அது அடங்குவதற்கு முன்பே விரலை எடுத்துவிட்டார். யோகராணி அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதை யார் சொல்லிக்குடுத்தா?”

“எதை?”

“ஒண்ணுமில்ல. இது அவங்களா?”

“இல்ல டீச்சர். ஆனா ஏதோ ஒரு ஓரத்துல இருக்கா. ரெண்டையும் மூணையும் கலந்து போட்டுப் பாப்பமா?”

கலந்து போட்டார்கள். இழையைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். ஒருநாள் இரண்டாம் நம்பர்தான் என்று அடித்துச் சொன்னார். மறுநாள் அது பிலோமியின் தங்கை குரல் மாதிரி இருக்கிறது என்றார். அவளுடைய தங்கைக்கும் கிட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று யோகராணி கேட்கவில்லை. அவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

தினமும் கடை சாத்தும்போது கேட்பார்.

“எந்தக் காந்தம் டீச்சர்?”

“சுத்துங்க,” என்பாள் அவள்.

இடையில் மகள் ரெஜினா போன் செய்தாள். அம்மாவிடம் கற்றுக்கொண்டு அவளும் வாசிப்பாள்.

“எப்பப்பா வாரீங்க? மாதா கோயில் திருவிழா வருதுல்லா. கிட்டாரைக் கொண்டுட்டு வாங்க. ஏதாச்சும் ஒரு காந்தத்தை வச்சுக் குடுங்க, நான் வாசிக்கேன்.”

“ஏதாச்சும் ஒண்ணா? உங்கம்மா சத்தம் இல்லாம அது மேடை ஏறாது.”

“அம்மாதான் இல்லியேப்பா.”

அவர் போனை வைத்துவிட்டார். அன்று இழை நாலு தடவை அறுந்தது.

அன்று சாயங்காலம் யோகராணி அவர் கொண்டுவந்த அந்தப் பழைய பிக்கப்பையே திரும்ப எடுத்தாள்.

“ஏத்தினதை இறக்கலாம் அண்ணாச்சி. எதிர்த்திசையில ஒரு காந்தத்தை மெல்லக் கொண்டுவந்தா இது கொஞ்சம் இறங்கும். ஒவ்வொரு தடவையும் மாட்டிப் பார்ப்போம். பழைய பதம் வந்ததும் நிறுத்திரலாம்.”

சூசைமாணிக்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

“எங்க நிறுத்தணும்னு நீங்கதான் சொல்லணும்.”

முதல் தடவை இறக்கியதில் கண்ணாடிச் சத்தம் போயிற்று. அடுத்த தடவை கொஞ்சம் சதை பிடித்தது. சூசைமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

“இன்னும் கொஞ்சம்.”

இறக்கினாள்.

“இன்னும்.”

இறக்கினாள்.

“இதுதான். இதுவாத்தான் இருக்கும்.”

“நிறுத்திரவா?”

“இருங்க. இன்னும் ஒரு பொட்டு.”

இறக்கினாள். அவர் தட்டினார். திரும்பத் தட்டினார். நெற்றி வேர்த்தது. அதே நாலைந்து ஸ்வரத்தை எத்தனை தடவை தட்டினாரோ, கேட்கக் கேட்க எல்லாமே பிலோமியாகவும் இருந்தது, எதுவுமே இல்லாமலும் இருந்தது.

“முன்ன இருந்ததா, இதுவா?” என்றாள் யோகராணி.

அவர் கிட்டாரைக் கீழே வைத்தார்.

“எனக்கு மறந்துபோச்சு டீச்சர்.”

இதைத்தான் அவர் இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். ஒவ்வொரு காந்தமாகக் கேட்கக் கேட்க, மனதிலிருந்த சத்தத்தின்மேல் அது வந்து உட்கார்ந்துகொண்டது. மலைக்கு வரும்போது கையில் பிக்கப் கெட்டுப்போயிருந்தது, காதில் பிலோமி இருந்தாள். இப்போது காதிலும் இல்லை. தேடித் தேடியே தொலைத்துவிட்டோம் என்று அவருக்குப் பயமாக இருந்தது. பிலோமியைப் புதைத்த அன்றுகூட இவ்வளவு பயமில்லை.

“நான் ஊருக்குப் போறேன்,” என்றார். “எனக்குப் படிப்பு வரல.”

யோகராணி தலையை ஆட்டினாள். “நாளைக்கு முதல் பஸ்ல போகாதீங்க. மஞ்சு இருக்கும். கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் இங்க வந்துட்டுப் போங்க.”

மறுநாள் வெளிச்சம் வரவில்லை, மஞ்சுதான் வந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக அறைக்குள்ளேயே நுழைந்து மேசைக்கு மேலே படுத்துக்கிடந்தது. சூசைமாணிக்கம் பையோடு வந்தார். யோகராணி ஒரு பிக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளே சுற்றியது. சுற்று அவ்வளவு சீராக இருந்ததைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. சிஷ்யராக அதையாவது கற்றிருந்தார்.

“இன்னொண்ணா?” என்றார். “வேண்டாம் டீச்சர். கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கேன்.”

“இதை உங்க கிட்டார்லயே போடப்போறேன்.”

அவர் மறுக்க வாயெடுத்தார். அதற்குள் அவள் சுவரிலிருந்து பிலோமியின் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கம்பிகளில் விரல்படாமல், பிக்கப்பைப் பக்கவாட்டில் காலியிடத்துக்குள் தள்ளி, டேப் ஒட்டி நிறுத்தினாள். ஒயரைச் செருகினாள். ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகிக் கடைசிவரை கொண்டுபோனாள். தூரத்தில் மழை பெய்வது மாதிரி ஒரு இரைச்சல் அறையை நிறைத்தது.

“தட்டுங்க.”

“சுதி இறங்கிக் கெடக்கு.”

“கெடக்கட்டும். தட்டுங்க.”

தட்டினார்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சலுக்கு அடியில், ரொம்ப அடியில் ஏதோ அசைந்தது. காதை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்துக்கொண்டு இன்னொரு முறை தட்டினார்.

ரெஜினா கைக்குழந்தையாக இருந்தபோது, பகலில் அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டு பிலோமி வாசிப்பாள். பிள்ளை முழித்துக்கொள்ளக் கூடாதென்று ஆம்ப்ளிஃபயரை ஒரு மயிரிழைக்கு வைத்துக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான் கேட்கும். மெத்தென்று, லேசாக மூக்கடைத்த மாதிரி, முடியும்போது ஒரு சின்னக் கரகரப்போடு. கடைசி ஸ்வரத்தில் விரலை லேசாக நடுக்கி, அது அடங்குமுன் எடுத்துவிடுவாள். சூசைமாணிக்கம் மீன் ஆய்ந்த கையைக் கழுவாமல் வந்து உட்கார்ந்து கேட்பார். ‘போய்க் கையைக் கழுவிட்டு வாரும்’ என்பாள், வாசிப்பதை நிறுத்தாமலே.

அவருக்கு நினைவு வந்தது. தேடாமலே வந்தது.

“ஏளா,” என்றார் மெதுவாக, பிலோமியைக் கூப்பிடுகிற மாதிரி.

யோகராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் தட்டிக்கொண்டேயிருந்தார். வெளியே மாட்டுமணி கேட்டது, மாடு தெரியவில்லை. ரொம்ப நேரத்துக்குப் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“எந்த நம்பர் டீச்சர் இது?”

அவள் டேப்பைப் பிரித்து, பிக்கப்பை உருவி எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர் அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். காந்தக் குச்சிகள் இருக்கவேண்டிய ஆறு இடத்திலும் ஆறு துளைகள். ஆறிலும் வெள்ளையாக மஞ்சு தெரிந்தது.

“காந்தமே இல்லியே!”

“இல்ல.”

“அப்ப சத்தம் எங்கேருந்து வருது?”

“கம்பியில கொஞ்சம் இருக்கு.” யோகராணி துருவேறிய கம்பிகளைக் காட்டினாள். “அவங்க மாட்டின நாள்லேருந்து அந்தப் பழைய காந்தத்துக்குப் பக்கத்துலயே கெடந்துச்சுல்ல.”

சூசைமாணிக்கம் மேசையைப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவர் அங்கே கிடந்தது. அதன் நுனியில் ஒரு குட்டி ஸ்க்ரூ தொங்கிக்கொண்டிருந்தது.

பிக்கப்பைத் திரும்ப அவளிடம் நீட்டினார். அவள் மறுபடி பொருத்திக்கொடுத்தாள். மறுபடி வாசித்தார். இந்த முறை அவசரமில்லை. பஸ் போகிற சத்தம் கேட்டது, அவர் அசையவில்லை.

“ரொம்பச் சின்னதா கேக்குது,” என்றார். “மேடையில ஒருத்தருக்கும் கேக்காது. ரெஜினாவுக்கே கேக்காது.”

“கேக்காது.”

“கேக்கணும்னா?”

“அடியில காந்தம் வைக்கணும்.”

“எந்தக் காந்தம்?”

“உங்க மகளுக்கு எது பிடிக்குதோ அது.”

“வச்சா இது என்ன ஆவும்?”

“புதுக் காந்தம் இழுத்த இழுப்புக்குக் கம்பி மாறிடும். பழசு இருக்காது.”

அவர் கிட்டாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கம்பிகள் அவர் சட்டையில் அழுந்தித் துருவை அப்பின. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“அப்ப கம்பிலயும் அவ போயிருவா.”

“போயிருவாங்க.”

வெளியே மஞ்சு கொஞ்சம் விலகி, தேயிலைச் சரிவில் ஒரு வரிசை மட்டும் பச்சையாகத் தெரிந்து மறுபடி மறைந்தது. சூசைமாணிக்கம் கடைசியாக ஒருமுறை அந்த நாலைந்து ஸ்வரத்தைத் தட்டினார். கடைசி ஸ்வரத்தில் விரல் தானாகப் போய் அழுந்தி, லேசாக நடுங்கி, அது அடங்குவதற்கு முன்பே எழுந்துகொண்டது.

“அதுக்கப்புறம் அவளை நான் எங்க போய்க் கேக்க, டீச்சர்?”

யோகராணி அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவங்க பக்கத்துல நீங்க எத்தனை வருஷம் இருந்தீங்க, அண்ணாச்சி?”